மெட்ராஸ் கணக்கும் முத்துப் பாரும்: ஒரு அப்கிரேடு சரித்திரம்

நம்மளை மாதிரி பொட்டி தட்டுறவங்ககிட்ட "இந்தச் சனிக்கிழமை ராத்திரி ப்ரொடக்‌ஷன் அப்கிரேடு"ன்னு சொல்லிப் பாருங்க, வயித்துல புளியைக் கரைக்கும். அதுலயும் நான் ஆணி பிடுங்குறது இணைய வரைபட ஏரியாவுல. ஒரு பக்கம் டேட்டாபேஸ், அதுல புள்ளி புள்ளியா அட்சரேகை, தீர்க்கரேகை. இன்னொரு பக்கம் அந்தப் புள்ளிகளைப் படமா வரைஞ்சு அனுப்புற மேப் சர்வர். ரெண்டுக்கும் நடுவுல, உருண்டை பூமியைத் தட்டையாக்கிக் கணக்குப் போட ஒரு லைப்ரரி. மூணையும் எழுதுறது மூணு வேற கூட்டம். மூணுக்கும் தனித்தனி வெர்ஷன். ஒண்ணை ஏத்தினா இன்னொண்ணு இடிக்கும். இடிச்சு, சத்தம் போட்டு விழுந்துட்டா கூடப் பரவாயில்லைங்க. சத்தமே இல்லாம புள்ளி மட்டும் கொஞ்சம் நகர்ந்து உக்காந்துக்கும் பாருங்க, அதுதான் பயமே. படம் அழகா வரும், கலர் எல்லாம் சரியா இருக்கும், இடம் மட்டும் தப்பா இருக்கும்.

இது இணையம் வந்தப்புறம் வந்த வியாதின்னுதான் பொதுவா நினைப்போம். ஆனா தூத்துக்குடிக் கடலை எடுத்துக்கிட்டு கொஞ்சம் பின்னாடி போனா, இதே வியாதி நூறு வருஷத்துக்கு முன்னாலயே வந்திருக்கு. அதைச் சமாளிச்ச விதம் நம்ம சனிக்கிழமை ராத்திரிகளை விட ரொம்ப நிதானமா இருக்கு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

முதல்ல இடம். இந்தக் கடற்கரையில துறைமுகமே அடிக்கடி மைக்ரேட் ஆகியிருக்கு. சங்க காலத்துல கொற்கை. கிரேக்க மாலுமிகளோட பெரிப்ளஸ் குறிப்புல இதைக் கொல்கோய்னு எழுதி, பாண்டிய நாட்டு முத்துக்குளிப்புல தண்டனை பெற்ற கைதிகள் வேலை செய்ததா சொல்லியிருக்கு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுல தாலமி தன்னோட புவியியல் நூல்ல ஊர் ஊரா அட்சரேகை தீர்க்கரேகை போட்டுக் கொடுத்த பட்டியல்லயும் கொல்கோய் உண்டு. (அந்தப் பட்டியலை வெச்சு வரைஞ்சா இந்தியத் தீபகற்பம் சப்பையாகி, இலங்கை ஊதிப் பெருசாயிடும். டேட்டா இருக்கு, தரம் இல்லை. இன்னிக்கும் இப்படி வர்ற கோப்புகளைப் பார்த்தா எனக்கு தாலமி ஞாபகம்தான்.) தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கி, கொற்கை உள்நாட்டுக் கிராமம் ஆச்சு. அடுத்து காயல், 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ எழுதுனது இதைப் பத்தித்தான். அதுவும் தூர்ந்து, புன்னைக்காயல். அப்புறம் தூத்துக்குடி. போர்ச்சுக்கீசியர், 1658ல டச்சுக்காரர், 1825ல ஆங்கிலேயர்னு கைமாறி, 1974ல பெரிய துறைமுகம் ஆகி, 2011ல வ.உ.சி. பேரு வந்துச்சு. டச்சுக் கம்பெனியோட சுருக்கப் பேரும் வி.ஓ.சி.தான்ங்கிறது சரித்திரத்தோட குசும்பு.

சர்வர் மாறிக்கிட்டே இருந்தாலும் டேட்டாபேஸ் மாறலை. அந்த டேட்டாபேஸ், கடலுக்கு அடியில இருந்த முத்துப் பார்.

பார்னா கடலடியில இருக்கிற பாறைத் திட்டு. மன்னார் வளைகுடாவுல மணலுக்கு நடுவுல அங்கங்க கிடக்கும், அதுல முத்துச்சிப்பி ஒட்டி வளரும். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பேர். தூத்துக்குடிக்கு நேரே புகழ்பெற்றது தொள்ளாயிரம் பார். வான்தீவு ஆறுபாகம்னு ஒண்ணு. பாகம்ங்கிறது ரெண்டு கையையும் விரிச்ச நீளம், ஆழத்துக்கான அளவு. அதாவது பேருலயே மெட்டாடேட்டா வெச்சிருக்காங்க: எந்தத் தீவுக்குப் பக்கத்துல, எத்தனை பாகம் ஆழத்துலன்னு. நம்ம டேபிளுக்கெல்லாம் 'நியூ2 ஃபைனல்'னு பேர் வெக்கிறோமே, அவங்க முன்னாடி நாம எல்லாம் சும்மா.

இந்தப் பாருக்கு வழி எப்படி? கரையில தெரியுற ரெண்டு அடையாளம் ஒரே கோட்டுல வரணும், வேற திசையில இன்னும் ரெண்டு அதே மாதிரி ஒரு கோட்டுல வரணும். கோபுரம், கலங்கரை விளக்கம், பனைக்கூட்டம், தீவோட முனை, எது தெரியுதோ அது. ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடத்துல படகு நின்னா, கீழே பார். இந்த முறைக்கு கிரீன்விச் எங்க இருக்குன்னு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடக்கிற சமாச்சாரம் இல்லைங்க. சிப்பி நாலஞ்சு வயசு ஆனாத்தான் முத்து தேறும். ரொம்ப விட்டா கிழடாகிச் செத்துப்போகும். நடுவுல நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடினாலும் போச்சு, திருக்கை மீன் கூட்டம் வந்து தின்னுட்டாலும் போச்சு. அதனால அரசாங்கம் பார் பாரா ஆய்வுப் படகு அனுப்பும். குளியாளிகள் இறங்கிச் சிப்பி எடுத்து வருவாங்க. வயசு என்ன, எவ்வளவு அடர்த்தி, மாதிரிச் சிப்பியை அழுகவிட்டுக் கழுவினா எவ்வளவு மதிப்புக்கு முத்துன்னு கணக்குப் பார்த்து, தேறும்னா மட்டும்தான் குளிப்பு அறிவிப்பாங்க. அறிவிப்பு வந்தா அந்தக் கரையில திடீர்னு ஒரு ஊரே முளைக்கும். வியாபாரி, கடன் கொடுக்கிறவன், சுறாவைக் கட்ட மந்திரம் சொல்ற கடல்கட்டி வரைக்கும் வந்து இறங்குவாங்க. கணக்குப் பழசாகியிருந்தா? அத்தனை பேரும் வெறுங்கையோட திரும்பணும். இலங்கைப் பக்கத்துல இதுக்குப் பெரிய உதாரணம் உண்டு. 1906ல ஒரு லண்டன் கம்பெனி அந்தப் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்துச்சு. 1907க்கு அப்புறம் குளிப்பே நடக்கலை. சிப்பி இல்லை. 1912ல கம்பெனியைக் கலைச்சுட்டாங்க. டேட்டாபேஸ்ல தேதி பார்க்காம முதலீடு பண்றதோட விலை இது.

நம்ம பக்கத்துல ஜேம்ஸ் ஹார்னெல், மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பத்தி மெட்ராஸ் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கை 1905ல வந்துச்சு. பார்களோட பட்டியல், நிலைமை எல்லாம் அதுல இருக்கு. அதே 1905ஆம் வருஷம்தான் இந்த நாட்டு வரைபடம் மொத்தத்துக்கும் ஒரு பெரிய வெர்ஷன் அப்கிரேடு நடந்தது. நான் சொல்ல வந்த மெயின் மேட்டரே இதுதான்.

கதை நுங்கம்பாக்கத்துல ஆரம்பிக்குது. 1792ல கிழக்கிந்தியக் கம்பெனி அங்க ஒரு வானாய்வகம் கட்டுச்சு. அங்க இருந்த கோல்டிங்ஹாம், வியாழன் கிரகத்தோட நிலாக்கள் மறையுற நேரத்தைப் பார்த்துப் பார்த்து மெட்ராஸோட தீர்க்கரேகையைக் கண்டுபிடிச்சார். தத்துவம் எளிசு. ஒரே கிரகணத்தை கிரீன்விச்லயும் மெட்ராஸ்லயும் பார்த்து, ரெண்டு ஊர் நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு கண்டுபிடிச்சா போதும். ஒரு நொடிக்கு 15 விகலை. கடைசியில நின்ன மதிப்பு 80 பாகை 17 கலை 21 விகலை கிழக்கு.

1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்துல அடிக்கோடு அளந்து முக்கோண அளவையை ஆரம்பிச்சார். அரை டன் தியோடலைட்டைத் தூக்கிக்கிட்டு மலை மலையா, கோபுரம் கோபுரமா ஏறினாங்க. 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில்ல அதை மேலே ஏத்தும்போது கயிறு அறுந்து மோதி உடைஞ்சு, லாம்டன் உக்காந்து தானே சரி பண்ணின கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த முக்கோண வலை கன்னியாகுமரி வரைக்கும் போய், அப்புறம் இமயமலை வரைக்கும் ஏறுச்சு. வலை ரொம்பத் துல்லியம். ஆனா அந்த வலையை உலக உருண்டையில ஒட்ட வெச்ச ஆணி ஒண்ணே ஒண்ணு: மெட்ராஸ் வானாய்வகத்தோட தீர்க்கரேகை.

அந்த ஆணி கொஞ்சம் தள்ளி அடிக்கப்பட்டிருந்தது.

தந்தி வந்ததும்தான் இது தெளிவாத் தெரிஞ்சது. தந்தியில நேரத்தை நொடியில பாதி பிசகாம அனுப்பலாம், வியாழனோட நிலாவை நம்பத் தேவையில்லை. 1894 முதல் 1896 வரை பர்ராடும் லெனாக்ஸ் கன்னிங்ஹாமும் கிரீன்விச்ல இருந்து பாட்ஸ்டாம், டெஹ்ரான், புஷயர் வழியா கராச்சி வரைக்கும் தந்தி மூலமா கணக்கைக் கோத்தாங்க. விடை: இந்திய வரைபடங்களோட தீர்க்கரேகை எல்லாத்துலயும் 2 கலை 27.18 விகலை கழிக்கணும். நேரத்துல சொன்னா பத்து நொடிக்கும் கொஞ்சம் குறைவு. கோல்டிங்ஹாமைக் குறை சொல்ல மனசு வரலைங்க. ஊசல் கடிகாரத்தையும் தொலைநோக்கியையும் வெச்சுக்கிட்டு அவர் விட்டது வெறும் பத்து நொடி. ஆனா அந்தப் பத்து நொடியை தூத்துக்குடி அட்சரேகையில தரையில போட்டுப் பார்த்தா சுமார் நாலரை கிலோமீட்டர்!

இப்ப நம்ம புத்தி எப்படிப் போகும்? "எல்லா டேபிளையும் ஒரு அப்டேட் போட்டுக் கழிச்சு விட்டுடலாம் பாஸ்." அங்க டேபிள் இல்லை. செம்புத் தகட்டுல செதுக்கி, கல்லச்சுல ஏத்தி, அச்சடிச்சு, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ராணுவ முகாம் வரைக்கும் போய்ச் சேர்ந்த ஆயிரக்கணக்கான தாள்கள். எல்லாத்தையும் திரும்ப வாங்க முடியாது. வரைபடத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கவும் முடியாது. அதனால சர்வே ஆஃப் இந்தியா பண்ணினது இதுதான்: பழைய தாள் பழைய எண்ணோடயே இருக்கட்டும், ஓரத்துல ஒரு குறிப்பு மட்டும். இந்தத் தாளோட தீர்க்கரேகைகள் மெட்ராஸை 80 பாகை 17 கலை 21 விகலைன்னு வெச்சுப் போட்டது, சரியான மதிப்பு வேணும்னா 2 கலை 27 விகலை கழிச்சுக்கோங்கன்னு. 1905க்கு அப்புறம் புதுசா வரைஞ்ச தாள்கள் மட்டும் திருத்தின எண்ணோட வந்துச்சு.

இதுல மூணு விஷயம் எனக்குப் பிடிச்சிருக்கு. மூல டேட்டா மேல கை வைக்கலை. எந்த வெர்ஷன்னு தாள்லயே எழுதியிருக்கு. பழசுல இருந்து புதுசுக்குப் போறதுக்கான சூத்திரம் பயன்படுத்துறவன் கையிலேயே இருக்கு. தொழில்ல இருக்கிறவங்க இதுக்கு இன்னிக்கு ஆயிரம் ஃபேன்ஸி பேர் வெச்சிருக்காங்க.

நாலரை கிலோமீட்டர் நகர்ந்ததுல நாட்டுக்குள்ள யாருக்கும் எதுவும் தெரியலைங்கிறதும் ஒரு வேடிக்கை. தூத்துக்குடியும் திருநெல்வேலியும் தொள்ளாயிரம் பாரும் சேர்ந்தே நகர்ந்துச்சு. ஒண்ணுக்கொண்ணு தூரம் மாறலை. கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் நேர்கோட்டுல பார்த்து பாருக்குப் போனவருக்கு 1904ம் ஒண்ணுதான், 1906ம் ஒண்ணுதான். அடுத்த நாட்டு வரைபடத்தோட நம்ம வரைபடத்தை ஒட்டும்போதுதான் இந்தப் பிசகு வெளிய தெரியும். சிஸ்டத்தை இன்னொரு சிஸ்டத்தோட இணைக்கிற அன்னிக்குத்தான் நம்ம பழைய பக் எல்லாம் வெளிய வருமே, அதே மாதிரி.

மெட்ராஸ் கணக்கு அதோட செத்துப் போச்சுன்னு நினைக்காதீங்க. 1906 ஜனவரி 1ஆம் தேதி இந்திய நேரம் ஐந்தரை மணின்னு ஆனது. அதுக்கு முன்னாடி ரயில்வே ஓடினது மெட்ராஸ் நேரத்துல. உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நேர மண்டலத்துக்கு நம்பியிருக்கிற ஒரு டேட்டாபேஸ் இருக்கு இல்லையா, அதுல ஆசியா/கொல்கத்தா பகுதியைத் திறந்து பாருங்க. 1906க்கு முந்தின வரியில 5 மணி 21 நிமிடம் 10 நொடின்னு இருக்கும். 80 பாகை 17 கலை 21 விகலையை நேரமா மாத்திப் பாருங்க: 5 மணி 21 நிமிடம் 9 நொடி சில்லறை. திருத்தின தீர்க்கரேகையை மாத்தினா 5 மணி 20 நிமிடம் 59 நொடி சில்லறைதான் வரும். அதாவது வரைபடத்துல இருந்து 1905ல துரத்தினது, நம்ம லினக்ஸ் பொட்டிக்குள்ள இன்னிக்கும் சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. அதை "சரி" பண்ணவும் கூடாது. அன்னிக்குக் கடிகாரம் ஓடினது அந்த நேரத்துலதான்.

அடுத்த அப்கிரேடு கதை இன்னும் சிக்கல், சுருக்கமா சொல்லிடறேன். பூமி முழு உருண்டை இல்லை, கொஞ்சம் அமுங்கினது. எவ்வளவு அமுங்கினதுன்னு 1830ல ஜார்ஜ் எவரெஸ்ட் கொடுத்த வடிவத்தைத்தான் நம்ம நாடு பிடிச்சுக்கிச்சு. தொடக்கப் புள்ளி மத்தியப் பிரதேசத்துல இருக்கிற கல்யாண்பூர். எவரெஸ்ட் கொடுத்தது அடிக் கணக்கு. ஒரு இந்திய அடிக்கு எத்தனை மீட்டர்ங்கிறதுல ஆளாளுக்கு ஒரு கணக்கு. அதனால ஒரே எவரெஸ்ட் உருண்டைக்கு, எந்த மாற்று விகிதம் எடுத்தீங்கங்கிறதைப் பொறுத்து ஆரம் 6377276 மீட்டர், 6377299 மீட்டர், 6377301 மீட்டர்னு பல வெர்ஷன். பெட்ரோலியக் கம்பெனிகளோட அளவையாளர்கள் தொகுத்த இ.பி.எஸ்.ஜி. பட்டியல்ல கல்யாண்பூர் நாலு தடவை வரும்: 1880, 1937, 1962, 1975. ஒரு வாடிக்கையாளர் "இது எவரெஸ்ட் டேட்டா சார்"னு மட்டும் சொல்லிக் கோப்பு கொடுத்தா, நான் கேக்குற முதல் கேள்வி "எந்த எவரெஸ்ட்?". அவர் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கே... அதை விடுங்க.

ஜி.பி.எஸ். வேற உருண்டையைப் பயன்படுத்துது, டபிள்யூ.ஜி.எஸ். 84. பழைய இந்தியத் தாள்ல இருக்கிற எண்ணை மாத்தாம அப்படியே ஜி.பி.எஸ். எண்ணுன்னு நினைச்சுப் போட்டா, புழக்கத்துல இருக்கிற மாற்று அளவுகளை வெச்சுக் கணக்குப் பார்த்ததுல, தூத்துக்குடிப் பக்கம் இருநூறு மீட்டருக்கு மேல பிசகும். 2005ல தேசிய வரைபடக் கொள்கை வந்தப்ப, சர்வே ஆஃப் இந்தியா ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு 'ஓப்பன் சீரிஸ் மேப்'னு டபிள்யூ.ஜி.எஸ். 84ல தனி வரிசைன்னு பிரிச்சுச்சு. (சுருக்கினா ஓ.எஸ்.எம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கும் அதே சுருக்கம்தான். மீட்டிங்ல இதனால நடக்கிற காமெடி தனிப் பதிவா எழுதலாம்.)

இருநூறு மீட்டர்னா என்ன பெருசா? கரையில ரோட்டுக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். கடல்ல அப்படி இல்லை. 1976 மார்ச் 23ல இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவுல கடல் எல்லைக்கு ஒப்பந்தம் போட்டாங்க. 1974 ஒப்பந்தத்துல பாக் நீரிணைக் கோடு முடிஞ்ச இடத்துல இருந்தே இது ஆரம்பிக்கும். புள்ளிகள் ஒரு கலையில பத்தில் ஒரு பங்கு வரைக்கும் எழுதப்பட்டிருக்கு. அட்சரேகையில அந்தக் கடைசி இலக்கத்தோட மதிப்பு 185 மீட்டர். அதாவது உருண்டை மாறுறதால வர்ற பிசகு, ஒப்பந்தத்தோட கடைசி இலக்கத்தையே சாப்பிட்டுடும். முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் மேலே போனதே 1978ல. இன்னிக்குப் படகுல இருக்கிற கருவியோ மீட்டர் கணக்குல இடம் காட்டுது.

மீனவர் கைதாகுறதுக்குக் காரணமே இந்த உருண்டைக் கணக்குன்னு நான் சொல்ல வரலை. அப்படிச் சொன்னா அது அபத்தம். அங்க மீன் இருக்கு, இழுவை மடி இருக்கு, ரெண்டு நாட்டு அரசியல் இருக்கு. ஆனா ஒரு படகு கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு திரையில ஒரு செயலி காட்டும்போது, அந்தக் கோடு எந்த உருண்டையில வரைஞ்சதுன்னு அதை எழுதுற ஆளுக்காவது தெரிஞ்சிருக்கணும் இல்லையா? ஒரு அப்கிரேடுல அந்தக் கோடு இருநூறு மீட்டர் நகர்ந்தா, திரையில பார்க்கிறவருக்கு எதுவுமே தெரியாது.

இந்த இடத்துல ஹைதராபாத்ல 1999ல ஆரம்பிச்ச இன்காய்ஸ் நிறுவனத்தைப் பாராட்டணும். செயற்கைக்கோள் டேட்டாவை வெச்சு, மீன் கூடுற இடம்னு அவங்க அறிவிப்பு கொடுக்கிறாங்க, தமிழ்லயும் வருது. அந்த அறிவிப்புல அட்சரேகை தீர்க்கரேகை மட்டும் இருக்காது. இன்ன கலங்கரை விளக்கம் அல்லது மீன் இறங்குதளத்துல இருந்து இன்ன திசையில, இத்தனை கிலோமீட்டர்ல, இத்தனை மீட்டர் ஆழத்துலன்னும் இருக்கும். கரை அடையாளம், தூரம், ஆழம்... வான்தீவு ஆறுபாகம்னு பேர் வெச்ச அதே மூளை. உருண்டை மாறினாலும் இந்தத் தகவல் சாகாது.

சரி, நம்ம காலத்துக்கு வருவோம். போஸ்ட்ஜிஐஎஸ் 2001ல வந்துச்சு, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்குள்ள வரைபடப் புள்ளிகளை வைக்க. 2012ல 2.0 வந்தப்ப உள்ள சேமிக்கிற வடிவமே மாறிடுச்சு. சும்மா மேல ஏத்த முடியாது, மொத்தமா வெளிய எடுத்துத் திரும்ப உள்ள ஊத்தணும். பழைய ஃபங்ஷன் பேர் பலதும் போச்சு. அதை நம்பி எழுதின செயலிகளுக்காகப் பழைய பேர்களைத் திரும்பக் கொண்டுவர்ற ஒரு ஒட்டுக் கோப்பையும் கூடவே கொடுத்தாங்க. தாளோட ஓரத்துல 1905 குறிப்பு மாதிரிதான். கூகுள் மேப்ஸோட இரண்டாம் வெர்ஷனை 2010லயே ஓய்வுன்னு அறிவிச்சு, 2013 நவம்பர்லதான் நிறுத்தினாங்க. அப்பவும் மாறாதவங்களுக்கு, பழைய முகமூடி போட்ட மூணாம் வெர்ஷனை அனுப்பினாங்க. மூணரை வருஷ நோட்டீஸ் கொடுத்தும் கடைசி வாரத்துல அலறினவங்க எத்தனை பேர்னு இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் விட விஷமமானது அச்சு வரிசை. மேப் சர்வர்கள் பேசிக்கிற டபிள்யூ.எம்.எஸ். மொழியில 1.1.1 வரைக்கும் தீர்க்கரேகை முதல்ல, அட்சரேகை அப்புறம். 1.3.0ல இதை, பரவலாப் பயன்படுற அந்த 4326 அமைப்புக்கு, தலைகீழா மாத்தினாங்க. 2019ல ப்ராஜ் லைப்ரரியோட ஆறாம் வெர்ஷனும் இதே வரிசையைக் கையில எடுத்தது. இப்ப ஒரு சோதனை. தூத்துக்குடி சுமார் 8.8 வடக்கு, 78.1 கிழக்கு. ரெண்டையும் இடம் மாத்துங்க: 78.1 வடக்கு, 8.8 கிழக்கு. எங்க போய் நிக்கும் தெரியுமா? ஆர்க்டிக்ல, நார்வேயோட ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடல்ல! உலக விதைப் பெட்டகம் இருக்கிற ஊர்ல இருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கடல்லயே விழுறதால "நிலத்துல விழுந்துச்சா"ன்னு பார்க்கிற சோதனை கூட இதைப் பிடிக்காது. முத்துச்சிப்பியைத் தேடிப் போனா பனிக்கரடி வரும்.

அதனால எந்த அப்கிரேடுக்கு முன்னாடியும் எங்க கூட்டத்துல ஒரு சடங்கு உண்டு. நல்லாத் தெரிஞ்ச இருபது முப்பது புள்ளிகளை எடுத்துக்குவோம்: ஒரு கலங்கரை விளக்கம், ஒரு துறைமுக அலைதடுப்புச் சுவரோட நுனி, ஒரு கோயில். பழைய சர்வர்ல அதோட எண், புது சர்வர்ல அதோட எண், ரெண்டுக்கும் வித்தியாசம் எத்தனை மீட்டர்னு ஒரு அட்டவணை. ரெண்டு சர்வரும் கொஞ்ச நாள் பக்கத்துல பக்கத்துல ஓடும். புதுசு பழசு மாதிரியே பதில் சொல்லுதான்னு பார்த்துட்டுத்தான் வழி மாத்துவோம். பழசை உடனே அழிக்க மாட்டோம். போஸ்ட்கிரஸ் வருஷத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன் விடுது, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வருஷம்தான் ஆதரவு. அதனால "ஓடுறதை ஏன் தொடணும்"ங்கிற பாட்டை ரொம்ப நாள் பாட முடியாது.

கப்பல்காரங்க இதுல நம்மளை விடப் பல படி மேல. கடல் வரைபடத்துக்கு அறிவிப்புகள் வந்துக்கிட்டே இருக்கும், மிதவை நகர்ந்துச்சு, விளக்கு மாறுச்சு, புதுசா மூழ்கின கப்பல்னு. காகிதத் தாளா இருந்தா, அதை ஊதா மையில கையால வரைஞ்சு, இடது கீழ் மூலையில வருஷமும் திருத்த எண்ணும் எழுதணும். தாளை எடுத்த உடனே மூலையைப் பார்த்தா எந்தப் பேட்ச் வரைக்கும் போட்டிருக்குன்னு தெரியும். மின்னணுத் திரை வந்து, 2012 முதல் 2018 வரை படிப்படியா பெரிய கப்பல்களுக்குக் கட்டாயமாச்சு. 2011ல சர்வதேச நீரியல் அமைப்பு ஒரு சோதனை டேட்டா அனுப்பிக் கப்பல்லயே போட்டுப் பார்க்கச் சொன்னப்ப, சில பழைய கருவிகள் சில பொருட்களைச் சரியாக் காட்டலைன்னு வெளிய வந்துச்சு. சத்தம் போடாத அதே பிசகு. அப்புறம் புதுக் காட்சி விதி, பழசுக்குக் கடைசி நாள் 2017 ஆகஸ்ட் 31ன்னு ஆச்சு.

அடுத்தது வந்துக்கிட்டிருக்கு. இப்ப இருக்கிற எஸ்-57 வடிவத்துக்குப் பதிலா எஸ்-100. 2026 ஜனவரியில இருந்து புதுக் கருவி பொருத்தலாம். 2029 ஜனவரி 1க்கு அப்புறம் பொருத்துற கருவி எல்லாம் புது விதிப்படிதான் இருக்கணும். நடுவுல ரெண்டு வடிவமும் ஒரே திரையில சேர்ந்து ஓடும். வ.உ.சி. துறைமுகத்துக்குள்ள வர்ற கப்பல்களும் பழைய வரைபடம் ஒண்ணு, புது வரைபடம் ஒண்ணுன்னு கலந்து கட்டிக்கிட்டுத்தான் வான்தீவைத் தாண்டணும்.

2029 ஜனவரி 1 என்ன கிழமைன்னு காலண்டர்ல பார்த்தேன். திங்கட்கிழமை.